ஆசிரியரும் மாணவரும் ஒரே மேடையில்: பிரெஞ்சு சேம்பர் இசைக் கச்சேரி அமைக்கவும் கேட்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ரவெல் பெயரைக் கேள்விப்படாத மேற்கத்திய இசை ரசிகர் இருக்க மாட்டார். ஆனால் அவர் யாரிடம் படித்தார், அந்த ஆசிரியருக்கு ஆசிரியர் யார் என்று கேட்டுக்கொண்டே பின்னால் போகிறவர்கள் குறைவு. போய்ப் பார்த்தால் மூன்றே தலைமுறையில் ஓர் அழகான வரிசை கிடைக்கிறது. கமீல் சேன்-சான்ஸிடம் கப்ரியேல் ஃபோரே படித்தார். ஃபோரேயிடம் மோரீஸ் ரவெல் படித்தார். மூவருமே வயலின், செல்லோ, பியானோ மூன்றுக்கும் சேர்த்து ட்ரயோ எழுதியிருக்கிறார்கள். அதனால் மூன்றே கலைஞர்களை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதையும் இந்த வரிசைக்குக் கொடுத்துவிட முடியும்.

கச்சேரி அமைக்க நினைக்கும் கலைஞர்கள், சிறு இசைச் சங்கங்கள், வீட்டில் ஒரு மாலை விளக்கை அணைத்துவிட்டு ஒழுங்காகக் கேட்க நினைக்கும் ரசிகர்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். இரண்டு வேலைக்கும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் படி: ஒரே ஒரு வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

‘பிரெஞ்சு இசையமைப்பாளர்களும் ஆசிரியர்களும்’ என்று தலைப்பு வைத்தவுடன் எல்லோரையும் உள்ளே சேர்க்கத் தோன்றும். தெபுஸ்ஸி வேண்டாமா, மெசியான் வேண்டாமா என்று கேள்வி வரும். வேண்டாம். ஒவ்வொருவரிடமிருந்தும் ஐந்து நிமிடத் துண்டு எடுத்து எட்டுப் பேரை நிரப்பினால் கேட்பவருக்கு எதுவும் மனதில் தங்காது. யாரிடமிருந்து யாருக்கு என்ன போனது என்பது கேட்க வேண்டுமானால் ஒரு படைப்பு முழுதாக ஒலிக்க வேண்டும்.

சேன்-சான்ஸ், ஃபோரே, ரவெல் வரிசையை நான் முதலில் பரிந்துரைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஃபோரேயிடம் படித்து வெளியே வந்தவர்களைப் பாருங்கள்: ரவெல், ருமேனியாவிலிருந்து வந்த எனெஸ்கு, ஃப்ளோரான் ஷ்மிட், ஷார்ல் கேக்லான், நாதியா பூலாஞ்சே. ஒருவருடைய இசை இன்னொருவருடையதைப் போல இல்லை. ஃபோரே மாதிரியும் இல்லை. சேன்-சான்ஸுக்கும் ஃபோரேவுக்கும் இடையிலும் இதே கதைதான். கையெழுத்தை அப்படியே பிரதி எடுக்காத ஒரு பரம்பரை இது. அது கச்சேரியில் காதில் விழ வேண்டும். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதற்காகத்தான்.

இரண்டாம் படி: பின்கதையை ஒரு பக்கத்துக்குள் தயார் செய்யுங்கள்

நிகழ்ச்சிக் குறிப்பில் பிறந்த ஊர், பெற்ற விருதுகள் என்று பட்டியல் போட வேண்டியதில்லை. ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே நடந்ததை மட்டும் சொல்லுங்கள். அதற்குத் தேவையானவை இவை.

ஃபோரே 1845-ல் பிறந்தவர். ஒன்பது வயதில், 1854-ல், பாரிஸில் இருந்த நீடர்மேயர் பள்ளியில் சேர்க்கப்பட்டார். தேவாலயங்களுக்கு ஆர்கன் வாசிப்பவர்களையும் பாடகர் குழுத் தலைவர்களையும் உருவாக்குவதற்கான விடுதிப் பள்ளி அது. பழைய திருச்சபைப் பாடல்களும் அவற்றின் பழைய ஸ்வர வரிசைகளும் அங்கே தினசரிப் பாடம். பள்ளியை நிறுவிய நீடர்மேயர் 1861-ல் இறந்த பிறகு பியானோ வகுப்பை எடுக்க வந்தவர் சேன்-சான்ஸ். மாணவனைவிடப் பத்து வயதுதான் மூத்தவர். பாடத்திட்டத்தில் இல்லாத ஷூமன், லிஸ்ட், வாக்னர் எல்லாம் அந்த மாணவர்களுக்கு அவர் மூலமாகத்தான் அறிமுகமாயின. அந்தக் காலத்தில் அவை புத்தம்புது இசை. 1865 வரை அங்கே கற்பித்தார். பிறகு இருவருக்கும் நட்பு அறுபது வருடம், 1921-ல் சேன்-சான்ஸ் இறக்கும்வரை நீடித்தது.

1871 பிப்ரவரியில், பிரஷ்யாவோடு நடந்த போரில் பிரான்ஸ் தோற்றிருந்த சமயத்தில், சேன்-சான்ஸும் ரொமேன் புஸ்ஸீனும் சேர்ந்து தேசிய இசைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பாரிஸ் அப்போது ஆபரா மோகத்தில் இருந்த ஊர். சேம்பர் இசை, அதாவது ஒரு சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் சிறு குழு இசை, எழுதினால் வாசிக்க மேடை இல்லை. அந்த மேடையை இந்தச் சங்கம் கொடுத்தது. ஃபோரேயின் முதல் வயலின் சொனாட்டா 1877 ஜனவரியில் அங்கேதான் அரங்கேறியது. ரவெலின் தந்தி நால்வர் இசை (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ) 1904 மார்ச்சில் அங்கேதான். அந்த நால்வர் இசையை ரவெல் ஃபோரேவுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

அடுத்த தலைமுறைக் கதை கொஞ்சம் சூடானது. 1896-ல் ஃபோரே பாரிஸ் கன்செர்வத்வாரில், அதாவது அரசு இசைக் கல்லூரியில், இசையமைப்பு வகுப்புக்கு ஆசிரியரானார். ரவெல் அவர் வகுப்பில் சேர்ந்தார். ஆனால் தேர்வுகளில் பரிசு வாங்காததால் விதிப்படி 1900-ல் வகுப்பிலிருந்து நீக்கப்பட்டார். ஃபோரே அவரை விட்டுவிடவில்லை; பதிவு இல்லாமலே வந்து உட்கார்ந்து கேட்க இடம் கொடுத்தார். இளம் இசையமைப்பாளர்களுக்குப் போட்டி வைத்துக் கொடுக்கப்பட்ட ரோம் பரிசுக்கு ரவெல் ஐந்து முறை முயன்றார். 1905-ல், நால்வர் இசையும் பியானோ படைப்புகளும் ஏற்கனவே பேர் வாங்கித் தந்திருந்த நிலையில், முதல் சுற்றிலேயே வெளியே தள்ளப்பட்டார். இறுதிச் சுற்றுக்குப் போன அத்தனை பேரும் நடுவர் குழுவில் இருந்த ஒரே ஆசிரியரின் மாணவர்கள் என்று தெரிந்தபோது பத்திரிகைகள் கொந்தளித்தன. அந்த ஆண்டிலேயே கன்செர்வத்வாரின் இயக்குநர் மாறினார். புதிதாக வந்தவர் ஃபோரே. பாடத்திட்டத்தையும் தேர்வு முறையையும் அவர் உலுக்கிய வேகத்தில் பிரெஞ்சுப் புரட்சியின் கடுமையான தலைவர் ரோபெஸ்பியரின் பெயரையே பட்டப்பெயராக வைத்தார்கள்.

இதை எல்லாம் ஏன் குறிப்பில் போட வேண்டும்? மேடையில் அடுத்தடுத்து ஒலிக்கும் இரண்டு ட்ரயோக்களுக்கு நடுவே இப்படி ஒரு விசுவாசம் இருந்தது என்று தெரிந்தால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

மூன்றாம் படி: படைப்புகளைத் தேர்வு செய்யுங்கள்

நான் போடும் நிகழ்ச்சி நிரல் இது.

முதல் பாதியில் சேன்-சான்ஸின் முதல் பியானோ ட்ரயோ, ஓபஸ் (படைப்பு எண்) 18, சுமார் 28 நிமிடம். அதன்பின் ஃபோரேயின் பியானோ ட்ரயோ, ஓபஸ் 120, சுமார் 20 நிமிடம்.

இடைவேளைக்குப் பிறகு நாதியா பூலாஞ்சே செல்லோவுக்கும் பியானோவுக்கும் எழுதிய மூன்று துண்டுகள், சுமார் 8 நிமிடம். ரவெல் வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதிய ‘கப்ரியேல் ஃபோரே பெயரில் ஒரு தாலாட்டு’, 3 நிமிடத்துக்குள். கடைசியாக ரவெலின் பியானோ ட்ரயோ, சுமார் 27 நிமிடம்.

மேடை ஏறி இறங்கும் நேரம், இடைவேளை எல்லாம் சேர்த்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சின்னத் துண்டுகளில் வயலின்காரருக்கும் செல்லோக்காரருக்கும் மாறி மாறி ஓய்வு கிடைக்கும். பியானோ கலைஞருக்கு மட்டும் ஓய்வே இல்லை. அதனால் அவருடைய சம்மதத்தை முதலில் வாங்குங்கள்.

சேன்-சான்ஸுக்கு இரண்டாவதாக ஒரு ட்ரயோ உண்டு, 1892-ல் எழுதியது. ஐந்து பகுதிகள் கொண்ட, கனமான, அருமையான படைப்பு. ஆனாலும் இந்த மாலைக்கு முதல் ட்ரயோதான் பொருத்தம். அது 1864-ல் எழுதப்பட்டது. அதாவது நீடர்மேயர் பள்ளியில் அவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலம். ஃபோரேவுக்கு 19 வயது. மாணவன் தன் வகுப்பில் உட்கார்ந்திருந்த நாட்களில் ஆசிரியர் மேசையில் இருந்த இசை எதுவோ, அதைக் கேட்கிறோம்.

நான்காம் படி: வரிசையை யோசித்து வையுங்கள்

இங்கே ஒரு சுவாரசியமான சிக்கல் இருக்கிறது. ரவெல் தன் ட்ரயோவை 1914-ல் முடித்துவிட்டார். ஃபோரே தன் ட்ரயோவைத் தொடங்கியதே 1922-ல்தான். ஆக, மாணவர் எழுதியது முந்தி, ஆசிரியர் எழுதியது பிந்தி. தலைமுறைப்படி வைப்பதா, ஆண்டுப்படி வைப்பதா?

ஆண்டுப்படி வைத்தால் சேன்-சான்ஸ், ரவெல், ஃபோரே என்று வரும். தன் மாணவரின் இசையை எல்லாம் கேட்டுவிட்ட ஒரு கிழவர் கடைசியாக என்ன எழுதினார் என்று அந்த வரிசை காட்டும். அதற்கும் ஓர் அழகு உண்டு. ஆனால் என் வாக்கு தலைமுறை வரிசைக்குத்தான். ரவெல் ட்ரயோவின் கடைசிப் பகுதி எழுப்பும் முழக்கத்துக்குப் பிறகு, ஃபோரேயின் அடங்கிய குரலில் தொடங்கும் ட்ரயோவைக் கேட்கக் காது தயாராக இருக்காது. ஃபோரேவுக்கு அது அநியாயம். மேலே கொடுத்த நிரலில் ரவெல் கடைசியில் இருப்பது இதனால்தான்.

ஐந்தாம் படி: எங்கே காதைக் கொடுக்க வேண்டும்

வழிகாட்டியில் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொன்றாகப் போவோம்.

சேன்-சான்ஸ் ட்ரயோ நான்கு பகுதிகள் கொண்டது. முதல் பகுதி மூன்று எண்ணிக்கையில் ஓடுகிறது, ஆனால் அழுத்தம் விழும் இடங்கள் அடிக்கடி இரண்டு இரண்டாகக் காட்டிக் கேட்பவரை ஏமாற்றும். காலால் தாளம் போட்டுப் பாருங்கள், எங்கே தப்புகிறீர்கள் என்று தெரியும். இரண்டாவது பகுதியில் ஒரு ஸ்வரம் சுருதி மாதிரி நீண்டு நிற்க, அதன் மேல் கிராமத்து மெட்டு போன்ற ஒன்று விட்டு விட்டு நடக்கும். மூன்றாவது ஸ்கெர்ட்ஸோ, தந்திகளை விரலால் மீட்டும் ஒலியும் இடறும் தாளமும் சேர்ந்த குறும்பு. எந்த இடத்திலும் மூன்று வாத்தியங்களில் ஒன்று இன்னொன்றை மூடாது. பியானோவில் ஸ்வரங்கள் ஏராளம், ஆனால் எல்லாம் மெல்லியவை. இந்தத் தெளிவைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தலைமுறைக்கும் பொதுவான சொத்து இதுதான் என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் மாறிக்கொண்டே போகும்.

ஃபோரே ட்ரயோவுக்கு வரும்போது அறையின் வெளிச்சமே குறைந்த மாதிரி இருக்கும். அவருக்கு அப்போது 77 வயது. ஏறக்குறைய இருபது வருடமாகக் காது கெட்டுக்கொண்டே வந்தது. வெறும் மந்தம் இல்லை. மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் சுருதி பிசகிக் கேட்டன, நடு ஸ்தாயி மட்டும் மங்கலாக ஆனால் சரியாகக் கேட்டது. கன்செர்வத்வார் பதவியிலிருந்து 1920-ல் விலகியிருந்தார். பதிப்பாளர் தூண்டியதால் தொடங்கி, முதலில் வயலினுக்குப் பதில் கிளாரினெட் வைக்கலாமா என்றும் யோசித்தார். 1923 மே 12-ம் தேதி, அவருடைய 78-வது பிறந்த நாளில், தேசிய இசைச் சங்கத்தில் அரங்கேறியது. உடல்நிலை காரணமாக அவரால் போக முடியவில்லை.

நடுப்பகுதியில்தான் இந்தப் படைப்பின் உயிர் இருக்கிறது. வயலின் ஒரு மெட்டைத் தொடங்கும், செல்லோ வாங்கிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே மெட்டை ஸ்தாயி தள்ளிச் சேர்ந்து பாடும். பியானோ அடியில் நடந்துகொண்டே ஸ்வரக் கூட்டுகளை ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் நகர்த்தும். எங்கே ராகம் மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது, ஆனால் நான்கு வரி கழித்து வேறு இடத்தில் நிற்போம். நீடர்மேயர் பள்ளியின் பழைய ஸ்வர வரிசைகள் அறுபது வருடம் கழித்து இப்படி வந்து நிற்கின்றன. கடைசிப் பகுதி தந்தி வாத்தியங்கள் இரண்டும் சேர்ந்து உரக்க எழுப்பும் ஓர் அறைகூவலோடு தொடங்கும். பியானோ அதற்குத் துள்ளலாகப் பதில் சொல்லும். 77 வயதுக் காரரின் இசையில் இவ்வளவு துள்ளலா என்று தோன்றும்.

நாதியா பூலாஞ்சே (1887–1979) ஃபோரேயின் வகுப்பில் படித்தவர். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய இசை ஆசிரியர்களில் ஒருவராகப் பின்னாளில் ஆனவர். ஆரன் கோப்லண்ட், ஆஸ்டர் பியாசோலா, ஃபிலிப் கிளாஸ், குயின்ஸி ஜோன்ஸ் என்று அவரிடம் படித்தவர்களைச் சொன்னால் அமெரிக்கக் கச்சேரி மேடை, அர்ஜென்டினா டாங்கோ, ஜாஸ் எல்லாம் வந்துவிடும். தங்கை லிலி 1913-ல் ரோம் பரிசை வென்ற முதல் பெண் இசையமைப்பாளர். 1918-ல் 24 வயதில் இறந்தார். அதன்பின் சில ஆண்டுகளில் நாதியா இசையமைப்பதை விட்டுவிட்டு முழுநேரமும் கற்பித்தார். அதனால் அவர் எழுதிய கொஞ்சத்தையும் மேடையேற்றுவது அவசியம். மூன்று துண்டுகளில் முதல் இரண்டும் அமைதியானவை. மூன்றாவது வேகமும் வெட்டும் தாளமும் கொண்டது. கேட்டு முடித்ததும் ‘இவர் ஏன் எழுதுவதை நிறுத்தினார்’ என்று மனம் கேட்கும்.

அடுத்து ரவெலின் தாலாட்டு. 1922-ல் ‘ரெவ்யூ மியூசிக்கால்’ பத்திரிகை ஃபோரேவுக்குச் சிறப்பிதழ் போட்டபோது, அவருடைய மாணவர்கள் ஏழு பேர் ஆளுக்கொரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே நிபந்தனை: ஆசிரியரின் பெயரிலிருந்து மெட்டு எடுக்க வேண்டும். மேற்கத்திய முறையில் ஸ்வரங்களுக்கு ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்துதான். மீதி எழுத்துகளை ஏழு ஏழாக அடுத்தடுத்த வரிசையில் எழுதி, மேலே எந்த எழுத்துக்கு நேராக வருகிறதோ அந்த ஸ்வரத்தைக் கொடுப்பார்கள். அப்படிப் பார்த்தால் ஐ என்பது பி ஆகும், எல் என்பது ஈ, ஆர் என்பது டி, யூ என்பது ஜி. கப்ரியேல் என்ற பெயர் ஜி-ஏ-பி-டி-பி-ஈ-ஈ என்று ஏழு ஸ்வரமாகவும், ஃபோரே என்பது எஃப்-ஏ-ஜி-டி-ஈ என்று ஐந்து ஸ்வரமாகவும் வரும். ரவெல் இதை ஒலி அடக்கிய வயலினில் முதல் வரியிலேயே கொடுத்துவிடுகிறார். பன்னிரண்டு ஸ்வரம், ஒரு முழுப் பெயர். அப்போதுதான் பிறந்திருந்த ஒரு குழந்தைக்கு அதைக் காணிக்கையாக்கினார். அந்தக் குழந்தையின் அப்பா ரொலான்-மனுவேல், ரவெலின் மாணவர். தாத்தா முறை ஆகும் ஆசிரியரின் பெயரைச் சொல்லிப் பேரப்பிள்ளையைத் தூங்கவைக்கிற தாலாட்டு! வாசிக்கும் முன் பியானோ கலைஞர் அந்தப் பன்னிரண்டு ஸ்வரத்தையும் ஒற்றை விரலால் ஒருமுறை தட்டிக் காட்டட்டும். அரங்கில் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

கடைசியாக ரவெல் ட்ரயோ. இதற்கு முன்பே ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படைப்பு காணிக்கையானது ஃபோரேவுக்கு அல்ல. ரவெலுக்குக் கௌண்டர்பாயிண்ட் சொல்லிக் கொடுத்த ஆந்த்ரே ஜெதால்ஜுக்கு. பல குரல்களை ஒன்றோடொன்று மோதாமல் நடத்தும் நுட்பத்தை ரவெல் அவரிடம்தான் கற்றார். எனெஸ்கு, மிலோ, ஹொனேகர் எல்லோருக்கும் அவர் ஆசிரியர். இசையமைப்பாளராக அவரை இன்று யாரும் நினைப்பதில்லை. இப்படிப்பட்ட ஆசிரியரின் பெயரும் இந்தக் கச்சேரியின் அழைப்பிதழில் இருக்க வேண்டும்.

1914 கோடையில் பாஸ்க் கடற்கரையில் உள்ள சேன்-ழான்-த-லூஸ் ஊரில் இருந்தபோது எழுதினார். ஆகஸ்டில் போர் வெடித்தது. ராணுவத்தில் சேரும் முன் முடித்துவிட வேண்டும் என்று இரவு பகலாக உட்கார்ந்து முடித்தார். மறு ஆண்டு ராணுவ லாரி ஓட்டுநராகச் சேர்ந்தார்.

முதல் பகுதியின் தாளம் எட்டு அட்சரம்; மூன்று, இரண்டு, மூன்று என்று பிரியும். ‘தகிட தக தகிட’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கேளுங்கள், சிக்கென்று உட்காரும். ரவெல் அதைப் பாஸ்க் நிறம் என்று சொன்னார். அவருடைய அம்மாவின் பூர்வீகம் அது. பியானோ தனியாகத் தொடங்கி, வயலினும் செல்லோவும் இரண்டு ஸ்தாயி இடைவெளியில் ஒரே மெட்டைப் பிடிக்கும்போது நடுவில் பியானோ உட்காரும். ஃபோரேயின் நடுப்பகுதியில் கேட்டது நினைவுக்கு வரும். ஆசிரியரிடமிருந்து மாணவருக்கா, மாணவரிடமிருந்து ஆசிரியருக்கா என்று ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் விடை அவ்வளவு சுலபமில்லை.

இரண்டாம் பகுதிக்கு ‘பாந்தூம்’ என்று தலைப்பு. மலாய் மொழியின் பந்துன் கவிதை வடிவம் பிரெஞ்சுக் கவிஞர்கள் வழியாக அவருக்குக் கிடைத்தது. ஒரு செய்யுளின் இரண்டாம், நான்காம் அடிகள் அடுத்த செய்யுளின் முதல், மூன்றாம் அடிகளாக வரும். அந்தாதி படித்தவர்களுக்கு உடனே பிடிபடும். இதில் கூர்மையான ஒரு மெட்டும் வழுக்கிக்கொண்டு போகும் ஒரு மெட்டும் மாறி மாறிப் பின்னிக்கொள்கின்றன. நடுவில் பியானோ அகன்ற நான்கு எண்ணிக்கையில் வேறொரு மெட்டைத் தொடங்கும். தந்தி வாத்தியங்கள் பழைய மூன்று எண்ணிக்கையை விடாமல் தொடரும். ஜெதால்ஜின் பாடம் எந்த உயரத்துக்குப் போயிருக்கிறது என்று இங்கே கேட்கலாம்.

மூன்றாவது பகுதி பாசகாலியா, அதாவது ஒரே மெட்டு திரும்பத் திரும்பச் சுற்றி வரும் வடிவம். பியானோவின் அடி ஸ்தாயியில், இடது கையில் மட்டும், ஒரு மெட்டு தனியாக வரும். செல்லோ வாங்கும், பிறகு வயலின். மெல்ல மெல்லக் கட்டி எழுந்து உச்சிக்குப் போய், வந்த வழியிலேயே ஒவ்வொருவராக விலகி, கடைசியில் மறுபடி பியானோவின் அடி ஸ்தாயியில் அடங்கும். மெட்டைப் பாதி நினைவில் வைத்தாலும் போதும், அது எத்தனை சுற்று வருகிறது என்று விரல்விட்டு எண்ணலாம். இறுதிப் பகுதியில் ஐந்து, ஏழு என்று தாளம் மாறிக்கொண்டே இருக்கும். கண்டமும் மிஸ்ரமும் பழகிய காதுக்கு அது விருந்து.

ஆறாம் படி: கலைஞர்களுக்கான சில நடைமுறை விஷயங்கள்

ரவெலை முதலில் எடுத்துப் பயிற்சியைத் தொடங்குங்கள். மற்றவை அதற்குப் பின்னால் வந்துவிடும், அது மற்றவற்றின் பின்னால் வராது. செல்லோ வயலின் ஸ்தாயிக்கே ஏறி வாசிக்க வேண்டிய இடங்கள் நிறைய. ஸ்தாயி தள்ளிச் சேர்ந்து வாசிக்கும் வரிகளை வயலினும் செல்லோவும் பியானோ இல்லாமல் தனியாக உட்கார்ந்து, மெதுவாக, சுருதி சேரும்வரை வாசியுங்கள். ஃபோரேவுக்கும் இதே மருந்துதான்.

பியானோவின் மூடியை முழுசாகத் திறப்பதா வேண்டாமா என்பது அரங்கைப் பொறுத்தது. ஒருவரை அரங்கின் நடு வரிசையில் உட்காரவைத்து ரவெலின் இறுதிப் பகுதியையும் ஃபோரேயின் முதல் பகுதியையும் வாசித்துக் காட்டுங்கள். செல்லோ காணாமல் போனால் மூடியை இறக்குவதைவிடப் பியானோ கலைஞர் இடது கையைக் குறைப்பது நல்லது. மூடியை இறக்கினால் நிறம் போய்விடும்.

தாள் புரட்ட ஒருவர் கட்டாயம் வேண்டும், அல்லது டேப்லெட்டும் கால் பெடலும். சேன்-சான்ஸ், ஃபோரே, ரவெல் மூவரின் இசைத்தாள்களும் காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பழைய அச்சுகளில் பிழைகள் உண்டு என்பதால் மேடைக்குப் புதிய பதிப்பு வாங்கினால் நல்லது. நாதியா பூலாஞ்சே 1979-ல்தான் காலமானார். பல நாடுகளில் காப்புரிமை இன்னும் இருக்கிறது. தாளை வாங்கித்தான் வாசிக்க வேண்டும்.

ஏழாம் படி: அரங்கும் ரசிகரும்

நூறு, நூற்றைம்பது பேர் உட்காரும் அறை போதும். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். ஒலி அடக்கிய வயலினை மைக்கில் கேட்டால் அந்தத் தாலாட்டு செத்துவிடும்.

பகுதிகளுக்கு நடுவே கைதட்டுவதில்லை என்பது இன்றைய பழக்கம். எத்தனை பகுதி என்று தெரியாததால்தான் பலர் தடுமாறுகிறார்கள். அதனால் நிகழ்ச்சிக் குறிப்பில் எண்ணைப் போட்டுவிடுங்கள்: சேன்-சான்ஸ் நான்கு, ஃபோரே மூன்று, பூலாஞ்சே மூன்று, தாலாட்டு ஒன்று, ரவெல் நான்கு. அப்படியே யாராவது நடுவில் தட்டினாலும் முறைக்காதீர்கள். ஃபோரேயின் வயலின் சொனாட்டா அரங்கேறிய அன்று அதன் ஸ்கெர்ட்ஸோவைத் திரும்ப வாசிக்கவைத்த ஊர் பாரிஸ்.

வீட்டில் கேட்பவர்கள் ஒன்று செய்யுங்கள். ஒரே குழுவின் பதிவில் மூன்றையும் கேட்காமல், முதல் சுற்றில் எந்தப் பதிவானாலும் சரி, நாளுக்கு ஒரு ட்ரயோ என்று கேளுங்கள். மூன்றும் கொஞ்சம் பழகிய பிறகு ஒரே மாலையில் வரிசையாகப் போடுங்கள். அறிமுகமே இல்லாமல் மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் ரவெல் வரும்போது களைத்துப் போயிருப்பீர்கள்.

எட்டாம் படி: அடுத்த கச்சேரிக்கு வேறு வரிசைகள்

வயலினும் பியானோவும் மட்டும் இருந்தால் செசார் ஃப்ராங்க் வரிசை. 1872 முதல் கன்செர்வத்வாரில் ஆர்கன் பேராசிரியர். ஆனால் அந்த வகுப்பில் ஆர்கனைவிட இசையமைப்பைத்தான் அதிகம் கற்றுக்கொண்டார்கள். 1886-ல் வயலின் மேதை இசாயிக்குத் திருமணப் பரிசாக அவர் எழுதிய சொனாட்டாவையும், அவரிடம் கடைசிக் காலத்தில் படித்த கியோம் லெக்யோ இசாயிக்காகவே 1892-ல் எழுதிய சொனாட்டாவையும் ஒரே மாலையில் வாசிக்கலாம். லெக்யோ 24 வயதில் டைஃபாய்டில் இறந்தார். ஆசிரியர், மாணவர் இருவருமே இன்றைய பெல்ஜியத்தில் பிறந்தவர்கள் என்பதைக் குறிப்பில் மறக்காமல் சொல்லுங்கள். ஆறு கலைஞர்கள் கிடைத்தால் ஃப்ராங்கின் இன்னொரு மாணவர் ஷோசோன் வயலின், பியானோ, தந்தி நால்வருக்கு எழுதிய ஓபஸ் 21 இருக்கிறது. அதற்கு இணையான கொந்தளிப்பு பிரெஞ்சு இசையில் அபூர்வம்.

புல்லாங்குழல் கலைஞர் இருந்தால் இன்னும் சுலபம். ஃபோரே 1898-ல் கன்செர்வத்வார் தேர்வுக்காக எழுதிய ஃபாந்தாசி, அவர் மாணவர் கேக்லானின் ஓபஸ் 52 சொனாட்டா, கேக்லானிடம் படித்த புலாங்க் 1957-ல் எழுதிய சொனாட்டா. மூன்று தலைமுறை, இரண்டே கலைஞர்கள்.

பாடகர் ஒருவர் சேர்ந்தால் நம் காதுக்கு நெருக்கமான ஒன்று காத்திருக்கிறது. ரவெலின் மாணவர் மோரீஸ் தெலாஜ் 1912-ல் இந்தியாவுக்கு வந்து போனார். அந்தப் பயணத்திலிருந்து பிறந்த ‘நான்கு இந்துக் கவிதைகள்’ 1914 ஜனவரியில் பாரிஸில் அரங்கேறியது. முதல் பாட்டின் தலைப்பு ‘மதராஸ்’. அதற்குப் பத்துக் கலைஞர்கள் வேண்டும். ஆனால் அவருடைய ‘ராகமாலிகா’வுக்குக் குரலும் பியானோவும் போதும். கோயம்புத்தூர் தாயி பாடிய அருட்பா இசைத்தட்டைக் கேட்டு, அதை அடியொற்றி எழுதிய தமிழ்ப் பாட்டு அது. மத்தளம் போல ஒலிக்க வேண்டும் என்று பியானோவின் ஒரு ஸ்வரத்தின் தந்திகளுக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொல்கிறார். தமிழ் தெரிந்த பாடகர் ஒருவர் இதைப் பாடினால் உச்சரிப்பைப் பாரிஸ் பதிப்பின் எழுத்துக்கூட்டலிலிருந்து எடுக்க வேண்டாம்; தாயியின் பதிவைத் தேடிக் கேட்டு, மூல அருட்பாவை முதலில் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். அட்டைத் துண்டைக் கச்சேரி அன்று முதல்முறையாகச் செருகாமல், பியானோ சுருதி சேர்ப்பவர் வரும் நாளிலேயே அவரை வைத்து அளவு பார்த்துவிடுங்கள்.